எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஆனால் மணிக்கட்டு வலி குறையவில்லை

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. மூன்று வாரங்களுக்கு முன் கால்பந்து ஆடும்போது வலது கையை ஊன்றி விழுந்தான். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, சுளுக்குதான் என்றார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் மூடியைத் திருகினாலும் கையை ஊன்றி எழுந்தாலும் கட்டைவிரல் பக்கம் வலிக்கிறது. மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்: பொறுத்துப் பார்க்க வேண்டாம். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் காட்டி, மறுபடி படம் எடுங்கள். அதுவரை அந்தக் கையை ஊன்றுவது, எடை தூக்குவது, விளையாட்டு எல்லாமே நிற்கட்டும். நீவிவிடவும் கூடாது.

இந்த வயதில், இப்படி விழுந்து, இந்த இடத்தில் வலி என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது படகெலும்பை. மருத்துவமனையில் ஸ்கேஃபாய்டு என்பார்கள். மணிக்கட்டில் இரண்டு வரிசையாக இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். இரு வரிசைகளையும் இணைத்தபடி சாய்வாகக் கிடப்பதால், கை பின்பக்கமாக மடங்கி ஊன்றும்போது இதன் நடுப்பகுதி தாங்காமல் விரிசல் விடுகிறது. (வயதானவர்கள் இதேபோல் விழுந்தால் பெரும்பாலும் முன்கையின் ஆரை எலும்புதான் மணிக்கட்டருகே முறியும். அது எக்ஸ்ரேயில் எளிதாகத் தெரிந்துவிடும்.)

முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது இந்த எலும்பில் சகஜம். எலும்பு நகராமல் மயிரிழை அளவு விரிசல் மட்டும் விட்டிருந்தால் நிழலில் கோடு விழாது. 10 முதல் 14 நாட்களில் விரிசலின் ஓரங்கள் சற்றுக் கரைந்து இடைவெளி அகலும். அப்போது கோடு தெரியலாம்.

வீட்டிலேயே மூன்று இடங்களைச் சோதியுங்கள். கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே தூக்கச் சொன்னால், அதன் அடியில், புறங்கைப் பக்கம், இரண்டு தசைநாண்கள் புடைத்து நடுவே ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தை விரல்நுனியால் அழுத்துங்கள். அடுத்து, உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையை ஒட்டி, கட்டைவிரலுக்கு நேராகத் தட்டுப்படும் எலும்பு மேட்டை அழுத்துங்கள். கடைசியாக, கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். ஒவ்வொன்றையும் இடது கையிலும் செய்து ஒப்பிடுங்கள். வலது கையில் ஓரிடத்தில் தெளிவாக வலித்தால்கூட, இல்லையென்று நிரூபணமாகும்வரை அதை முறிவாகவே நடத்த வேண்டும். வலி இருப்பதாலேயே முறிவு உறுதியாகிவிடாது. தசைநார் கிழிந்திருந்தாலும் இங்கே வலிக்கும். அதையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் ரத்த ஓட்டம். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாக நுழைந்து, முன்கைப் பக்கம் நோக்கித் திரும்பிப் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு கடைமடை வயல்போலக் காய்ந்துவிடும். எலும்பு கூடாமல் போகலாம், அந்தத் துண்டே உயிரிழக்கலாம், சில ஆண்டுகளில் மூட்டு தேய்ந்து மணிக்கட்டு இறுகலாம். நான்கு வாரங்களுக்கு மேல் கட்டுப் போடாமல் விட்டால் கூடாமல் போகும் அபாயம் கூடுகிறது. தம்பிக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. இன்னும் நேரம் இருக்கிறது.

மருத்துவரிடம் விழுந்த விதத்தையும், எங்கே அழுத்தினால் வலிக்கிறது என்பதையும் சொல்லி, ஸ்கேஃபாய்டுக்கான தனிக் கோணப் படங்கள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுக்கும் படம் அவற்றில் கட்டாயம் இருக்க வேண்டும். அதிலும் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவை, மறைந்திருக்கும் முறிவைக் கண்டுபிடிப்பதில் அதுவே சிறந்தது. முறிந்தது உறுதியானால், துண்டுகள் விலகியிருக்கின்றனவா என்று பார்க்க சி.டி. ஸ்கேன்.

விலகாத நடுப்பகுதி முறிவுக்கு முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு போதும்; வழக்கமாக 8 முதல் 12 வாரம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலோ, முன்கைப் பக்க முனை முறிந்திருந்தாலோ எலும்புக்குள் புதையும் சிறு திருகாணி வைத்து அறுவை சிகிச்சை செய்வதையே பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள்.

கட்டு இருக்கும்போது விரல்கள், முழங்கை, தோள் மூன்றையும் தினமும் பலமுறை அசைக்கட்டும். விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் உடனே விடச் சொல்லுங்கள், எலும்பு கூடுவதை அது நேரடியாகக் கெடுக்கும். வலி நின்றுவிட்டது என்று கட்டை முன்கூட்டிப் பிரிக்க வேண்டாம்: வலி போன பிறகும் விரிசல் கூடாமல் இருக்கலாம். சி.டி. படத்தில் எலும்பு கூடியது தெரிந்து, பிடிமான வலுவும் திரும்பிய பிறகுதான் மைதானம்.