மூன்று ஜஹாங்கீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. மும்பையில் இருக்கும் மகள், "இங்கே மியூசியத்தில் பஞ்சு வியாபாரி ஒருவர் சேர்த்த மாடர்ன் ஆர்ட் இருக்கிறது, வந்து பாரும்மா" என்கிறாள். ஒருத்தர் சொந்தப் படங்களைப் பொது மியூசியத்தில் எதற்கு மாட்டுகிறார்கள்? புரியாத படத்தை எப்படிப் பார்ப்பது?
– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: மகள் சொல்வது ஜஹாங்கீர் நிக்கல்சன் சேகரிப்பு. பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்துக்குள் 2011 முதல் இருக்கிறது. டாக்சியில் ஏறி "ஜஹாங்கீர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். பக்கத்திலேயே இருக்கும் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் இறக்கிவிட்டார். அது வேறு ஜஹாங்கீர் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் அங்கேயே சுற்றினேன். எதிரில் நவீன ஓவியக் கூடம். அந்தக் கட்டிடத்தின் பெயரும் ஜஹாங்கீர் ஹால்! முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்து என்ன பயன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிக்கல்சன் முதல் படம் வாங்கியது 1968இல். 2001இல் அவர் காலமானபோது சுமார் 800 சேர்ந்திருந்தன. அவற்றுக்கென்றே ஒரு மியூசியம் கட்ட ஆசைப்பட்டார், நடக்கவில்லை. அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை பிறகு இந்த மியூசியத்தோடு ஒப்பந்தம் போட்டது. படம் அறக்கட்டளையுடையது, சுவர் மியூசியத்துடையது. பீரோவுக்குள் கிடக்க வேண்டியதை நாமும் பார்க்கிறோம். எனக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது.

புரியாது என்று நீங்கள் பயப்படுவதுதான் வேடிக்கை. சாயம் போட்ட நூலை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இந்தச் சிவப்பு நேற்றைய சிவப்பு இல்லையே" என்று சொல்கிற கண் உங்களுடையது. கைத்தொண்டே என்ற ஓவியரின் படம் மாட்டியிருந்தால் அதன் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். மனிதர், மரம், வீடு எதுவும் இருக்காது. ரோலரிலும் கத்தியிலும் வண்ணத்தைப் பூசி, வழித்து, மறுபடி பூசியிருப்பார். எது அடியில், எது மேலே என்று தேடிப் பாருங்கள்; பாவும் ஊடையும் பிரித்துப் பார்ப்பது மாதிரிதான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை அப்புறம் படிக்கலாம்.

படங்களை அவ்வப்போது மாற்றி மாட்டுவார்கள். இப்போது என்ன இருக்கிறது என்று மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். உள்ளே போனதும் நேராக நிக்கல்சன் கூடத்துக்குப் போய்விடுங்கள். மற்ற கூடங்களில் சிலைகளைப் பார்க்க ஆரம்பித்தால் அங்கேயே முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.