பாரிஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் வழக்கு என்னவாகும்?

கேள்வி: நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். இரவில் நடந்த ஒரு தகராறில் ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்தியதாக என் அக்காவின் மகன்மீது கிரவுன் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கவிருக்கிறது. குற்றத்தை மறுத்திருக்கும் அவன், "அடித்தது நான்தான்" என்று, நீதிமன்றத்தில் அவனுக்காக வாதாடும் வழக்கறிஞரான பாரிஸ்டரிடம் சொல்லிவிட்டதாக என்னிடம் கூறினான். அவர் இதை நீதிபதியிடம் சொல்லிவிடுவாரா? வழக்கை விட்டு விலகிவிடுவாரா? வேறு பாரிஸ்டரை அமர்த்தி, அவன் அந்த இடத்திலேயே இல்லை என்று வாதாட வைக்கலாமா?

பதில்: நீதிபதியிடம் அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. சட்ட ஆலோசனைக்காகக் கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வதைக் காக்கும் உரிமை கட்சிக்காரருடையது. அதை விட்டுக்கொடுக்க அவரால் மட்டுமே முடியும். 1978இல் டெர்பிஷரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்ட இளைஞர், பிறகு தன் மாற்றாந்தந்தையே கொன்றார் என்று சொல்லி விடுதலை பெற்றார். பல ஆண்டுகள் கழித்து அந்த மாற்றாந்தந்தைமீது வழக்கு வந்தபோது, இளைஞர் தன் சொலிசிட்டரிடம் (வழக்கைத் தயாரித்து, பாரிஸ்டரை அமர்த்தும் வழக்கறிஞர்) அன்று சொன்னதைக் காட்டும்படி அவர் தரப்பு கேட்டது. ஒருவர்மீது கொலைக் குற்றச்சாட்டு நிற்கும் நிலையிலும் அதைத் திறக்க முடியாது என்று அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1995இல் தீர்ப்பளித்தது. இந்தப் பாதுகாப்பு இனிச் செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்பதற்குக் கிடையாது. நடந்து முடிந்ததைப் பற்றிய ஆலோசனைக்கு உண்டு.

அடுத்ததைச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். "அடித்தேன்" என்பதும் "குற்றம் செய்தேன்" என்பதும் ஒன்றல்ல. எதிராளி முதலில் கை ஓங்கி, தன்னைக் காத்துக்கொள்ள அவன் நியாயமான அளவில் திருப்பி அடித்திருந்தால், அது தற்காப்பு. அதை முழு எதிர்வாதமாக பாரிஸ்டர் தாராளமாக முன்வைக்கலாம். அவன் என்ன சொன்னான் என்பதைவிட, எந்தச் சூழலில் அடித்ததாகச் சொன்னான் என்பதே முக்கியம். குடும்பத்தார் பலர் இந்த இடத்தைத்தான் கவனிக்காமல் பதறிவிடுகிறார்கள்.

தற்காப்புக்கு இடமில்லாத உண்மையான ஒப்புதல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாரிஸ்டர் வழக்கை நடத்தலாம். ஆனால் அவருடைய கை ஓரளவு கட்டப்பட்டுவிடும். பாரிஸ்டர்களின் நடத்தை விதிகளில் பத்து அடிப்படைக் கடமைகள் உள்ளன. அவற்றில் முதலாவது நீதிமன்றத்துக்கான கடமை. கட்சிக்காரரின் நலனைப் பேணும் கடமையோடு அது மோதினால் அதுவே மேலோங்கும். ஆகவே தெரிந்தே நீதிமன்றத்தைத் தவறான வழியில் செலுத்த அவருக்கு அனுமதி இல்லை. அரசுத் தரப்புச் சாட்சியிடம், "தெருவிளக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது? நீங்கள் அன்று எவ்வளவு குடித்திருந்தீர்கள்? முகத்தை எத்தனை நொடி பார்த்தீர்கள்?" என்று அவர் குறுக்கு விசாரணை செய்யலாம். சாட்சியம் போதவில்லை, ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழு) உறுதியாக நம்பும் அளவுக்கு வழக்கு நிரூபிக்கப்படவில்லை என்று வாதிடலாம். "அவன் அங்கே இல்லை" என்றோ "அடித்தவர் வேறொருவர்" என்றோ அவர் வாயிலிருந்து வரக்கூடாது. அப்படிச் சொல்லும் சாட்சியை அவர் அழைக்கவும் கூடாது.

இந்தக் கோடு நீண்ட சர்ச்சைக்குப் பின்னர் உருவானது. 1840இல் லண்டனில் வில்லியம் ரஸல் பிரபுவைக் கொன்றதாக அவருடைய பணியாள் குர்வாசியே என்பவன் விசாரிக்கப்பட்டான். விசாரணையின் நடுவில் அவன் தன் பாரிஸ்டர் சார்ல்ஸ் பிலிப்ஸிடம், கொன்றது தான்தான், ஆனாலும் நீங்கள் எனக்காக வாதாட வேண்டும் என்றான். பிலிப்ஸ் அமர்விலிருந்த இரண்டு நீதிபதிகளுள் ஒருவரான பார்க்கிடம் தனியாகப் போய் ஆலோசனை கேட்டார். வழக்கை விடாமல் நடத்தும்படி பதில் கிடைத்தது. (வழக்கைக் கேட்கும் நீதிபதியிடமே போய் இதைச் சொன்னது இன்றைய கண்ணுக்கு ஒப்புதலைவிடப் பெரிய பிழை.) அவன் தூக்கிலிடப்பட்டான். வீட்டுப் பணிப்பெண்கள்மேல் சந்தேகம் விழும்படி பேசினார் என்ற குற்றச்சாட்டு பிலிப்ஸைப் பல ஆண்டுகள் விடவில்லை.

ஆகவே ஒப்புதலைக் கேட்டதற்காக உங்கள் மருமகனின் பாரிஸ்டர் விலக வேண்டியதில்லை. ஒருவரின் குற்றமோ குணமோ பிடிக்கவில்லை என்று வழக்கை மறுக்கவும் அவருக்கு உரிமை இல்லை. அவன் சாட்சிக் கூண்டில் ஏறிப் பொய் சொல்லியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால்தான் சிக்கல். அப்போது அவர் காரணத்தை வெளியிடாமல் விலகுவார். கூண்டில் ஏறாமல் இருப்பதற்கும் விலை உண்டு: 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி, அவன் சாட்சியம் அளிக்காததிலிருந்து ஜூரி அவனுக்குப் பாதகமான முடிவுக்கு வரலாம். விசாரணைக்கு முன் தாக்கல் செய்ய வேண்டிய எதிர்வாத அறிக்கையிலும் பொய் எழுத முடியாது. தனியாக எந்தக் கதையும் முன்வைக்கவில்லை, அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபிக்கட்டும் என்று மட்டும் சொல்ல இடமுண்டு.

மூன்றாவது கேள்விக்கு என் பதில் கண்டிப்பானது. வேறு பாரிஸ்டரிடம் வேறு கதை சொல்லத் திட்டமிடாதீர்கள். அவரை அமர்த்தும் சொலிசிட்டருக்கும் இந்த ஒப்புதல் தெரிந்திருந்தால், அவரும் அதே கடமைகளுக்குக் கட்டுப்பட்டவர். சட்ட உதவியில் நடக்கும் வழக்கானால் வழக்கறிஞர் நிறுவனத்தை மாற்ற நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அதற்குத் தக்க காரணமும் வேண்டும். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால் ஏழு ஆண்டுகள் வரை சிறை.

அதற்குப் பதிலாக, குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் பற்றி இப்போதே வெளிப்படையான ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள். முதல் கட்டத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். அதற்குப் பின் அதிகபட்சம் கால் பங்கு. விசாரணை தொடங்கும் நாளில் பத்தில் ஒரு பங்கு. அவன் ஏற்கெனவே மறுத்துவிட்டதால் அந்த மூன்றில் ஒரு பங்கு பெரும்பாலும் கைநழுவியிருக்கும். பாரிஸ்டர் எவ்வளவு அழுத்தமாகவும் ஆலோசனை சொல்லலாம், முடிவு அவனுடையது.

கடைசியாக உங்களுக்கு. பாரிஸ்டரிடம் அவன் சொன்னதற்கு உள்ள பாதுகாப்பு உங்களிடம் சொன்னதற்கு இல்லை. உறவினர் என்பதால் சட்டம் உங்களுக்கு விலக்கு அளிக்காது. நீங்களே சாட்சியாக அழைக்கப்படலாம். அதனால் இதுபற்றி அவனிடம் மேலும் கேட்காதீர்கள், வாட்ஸப்பில் எழுதாதீர்கள், ஆலோசனைக் கூட்டத்தில் உடன் அமராதீர்கள். அவனுக்கு ஆங்கிலம் போதாது என்றால் மொழிபெயர்ப்புக்கு நீங்கள் போக வேண்டாம். தகுதி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி சொலிசிட்டரிடம் கேளுங்கள். காயமடைந்தவரின் வீட்டுக்குப் பெரியவர்களை அனுப்பிப் பேசித் தீர்க்கலாம் என்ற யோசனை நம்மவர்களிடம் எளிதில் வரும். இங்கே அதைச் சாட்சியைக் கலைக்கும் முயற்சியாகவே காவல்துறை பார்க்கக்கூடும், போனவர்மீதே புதிய வழக்கு வரலாம்.