மிளகாய் நெடிக்கு ஏன் கமறுகிறது?

கேள்வி: தாளிப்பில் மிளகாய் கருகினால் கூடத்தில் இருப்பவரும் இருமுகிறார். நுரையீரல் பலவீனமா?

இல்லை, காவல் ஒழுங்காக நடக்கிறது. குரல்வளை முதல் மூச்சுக்கிளைகள் வரை உணர்வு நரம்பு முனைகள் பரவியிருக்கின்றன. பெரும்பாலும், மூளையிலிருந்து மார்பு, வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பின் கிளைகள். அவற்றில் மெல்லிய சி இழைகள் ரசாயனத்தை உணர்பவை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், அவற்றிலுள்ள டிஆர்பிவி1 என்ற புரத வாயிலைத் திறந்துவிடும். (சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அதே வாயில்தான் திறக்கும். காரம் 'எரிகிறது' என்பது வெறும் பேச்சல்ல.) போகியன்று சென்னையில் சூழும் புகையும் இந்த முனைகளைச் சீண்டும். சோற்றுப் பருக்கை புரையேறினால் உடனே எகிறுபவை வேறு: தொடுகையையும் அமிலத்தையும் உணரும் ஏ-டெல்டா இழைகள்.

செய்தி மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போனதும் ஆழ்ந்து மூச்சிழுக்கிறோம். குரல்நாண்கள் சுமார் 0.2 விநாடி இறுக மூட, வயிற்றுத் தசைகள் அழுத்தம் ஏற்ற, சட்டென்று திறந்து காற்று சீறுகிறது. கூடவே சளி சுரக்கும், மூச்சுக்குழல் சுருங்கும். ஆஸ்துமாக்காரருக்கு அந்தச் சுருக்கம்தான் வில்லங்கம்.

உண்மையில் கவலை, இருமாதவரைப் பற்றித்தான். பக்கவாதத்தில் இந்த உணர்வு மழுங்கினால் கஞ்சி சத்தமில்லாமல் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரலாம். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். விழுங்கியபின் குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எனாலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையில் நேர்மாறு. பிராடிகைனின் என்ற உடல் ரசாயனம் தேங்கி நரம்பு முனைகள் கூர்மையாகி, சிலருக்கு வறட்டு இருமல் வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள்; மருத்துவர் மாற்று மாத்திரை தருவார்.