மரபுத் தாக்க மதிப்பீடு: செட்டிநாட்டிலிருந்து கேள்விகள், பயிற்சியாளரின் பதில்கள்

சாலை, வடிகால், விடுதி என்று எந்தத் திட்டம் வந்தாலும் அது மரபிடத்தை, அதாவது காக்க வேண்டிய பழைய கட்டடம், தெரு, ஊரை, என்ன செய்யும் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஆராய்வது மரபுத் தாக்க மதிப்பீடு. அதைக் கற்பவர்கள் கேட்டவையும் பதில்களும் இங்கே.

கானாடுகாத்தான், கட்டடக்கலை மாணவி: அண்ணே, பயிற்சியில் முதலில் எதைப் பழக வேண்டும்?

எழுதப் பழகுங்கள். "பழமையான, அழகிய வீடு" என்று எழுதினால் அதை வைத்து எந்தத் தாக்கத்தையும் அளக்க முடியாது. "முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன", "தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்", "வளவு முற்றத்தில் விழும் மழைநீர் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகிறது" என்று எழுதுங்கள். இவைதான் பண்புக்கூறுகள். இருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்று நேரில் போய்ச் சரிபார்க்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு பண்புக்கூறுக்கும் எதிரே திட்டத்தின் ஒவ்வொரு வேலையையும் வைத்துக் காரண காரியத்தைத் தொடருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுத் தெரு 20 செ.மீ. உயர்கிறது என்று வையுங்கள். கீழ்ப்படி புதைகிறது. முற்றத்து நீர் வெளியேறாமல் தேங்குகிறது. சுண்ணாம்புச் சுவரின் அடி ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரம் காயும்போது உப்பு வெளியே வந்து பூச்சை உதிர்க்கிறது. வீட்டுக்காரர் அதன்மேல் சிமென்ட் பூசுகிறார். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. தேக்கு நிலையின் அடி மக்குகிறது. சாலை மதிப்பீட்டில் "வீடுகள் மீது தாக்கம் இல்லை" என்று எழுதுபவர்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கையில் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) இருந்தால் போதும். தெருவின் இரு முனை, நடு, ஒவ்வொரு வீட்டின் கீழ்ப்படி, கால்வாயின் அடிமட்டம், ஊருணியின் நீர் நுழைவாய் எல்லாவற்றுக்கும் மட்டம் எடுங்கள். கோடையில் ஒருமுறை, ஐப்பசி அடைமழையில் ஒருமுறை நடந்து பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாது.

காரைக்குடி, ஒப்பந்தப் பொறியாளர்: வரைபடம் முடிந்துவிட்டது. ஒரு வாரத்தில் அறிக்கை தயாரிக்க முடியுமா?

முடியாது. வரைபடம் முடிவான பிறகு மதிப்பீட்டுக்கு வராதீர்கள். மாற்று வழிகளை ஒப்பிடுவதுதான் இதன் உயிர். திட்டத்தைக் கைவிடுவதும் அவற்றுள் ஒன்று.

தேவகோட்டை வாசகர்: எங்கள் ஐயா கட்டிய வீட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை உண்டா?

இல்லை. திருமயம் கோட்டை போன்ற மத்திய அரசுப் பாதுகாப்புச் சின்னங்களுக்கே அது: 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர், அனுமதி பெற்றே கட்ட வேண்டிய ஒழுங்குபடுத்திய பகுதி. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது உலக மரபுப் பட்டியலுக்குப் பின்னர் முன்மொழியக்கூடியவற்றின் பட்டியலில், இருக்கின்றன. அது மட்டுமே சட்டப் பாதுகாப்பு ஆகாது.

பள்ளத்தூர், திட்ட ஆலோசகர்: பாதிப்புக்குக் கழித்தல், நன்மைக்குக் கூட்டல் என்று மதிப்பெண் போட்டு மொத்தம் பார்க்கிறோம். சரிதானே?

சரியில்லை. ஐகோமாஸ் (நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு வல்லுநர் அமைப்பு) 2011இல் வெளியிட்ட வழிகாட்டியின் அட்டவணை, இடத்தின் மதிப்பையும் மாற்றத்தின் அளவையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க உதவுவது. அது கூட்டல் கணக்கு அல்ல.

அதே ஆலோசகர்: எண் இல்லாவிட்டால் அதிகாரி எப்படி முடிவெடுப்பார்? உங்கள் முறையில் எல்லாம் கருத்தாகவே நிற்கிறதே.

கோட்டையூர், வரலாற்று ஆசிரியை: எண்ணும் கருத்துதானே! அதைப் போட்டவர் யார் என்று கேளுங்கள்.

ஆசிரியை சொல்வதே என் பதிலின் பாதி. மீதியைக் கேளுங்கள். ஊருணியின் வரத்துக்கால் அடைபட்டதற்கு −4, முகப்புக்குப் புதுச்சாயம் அடித்ததற்கு +4, மொத்தம் பூஜ்யம் என்றால் அறிக்கை பொய் சொல்கிறது. சாயம் அடித்ததால் ஊருணிக்குத் தண்ணீர் வந்துவிடாது. அதிகாரிக்கு வேண்டியது ஒவ்வொரு பண்புக்கூறுக்கும் ஒரு பத்தி: என்ன மாறும், எவ்வளவு, மீட்க முடியுமா, ஆதாரம் எது. 2022இல் யுனெஸ்கோ, இக்ரோம் (பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு மையம்), ஐகோமாஸ், ஐயுசிஎன் (இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியை வரிவிடாமல் படியுங்கள். ஒட்டுமொத்தத் தாக்கத்தையும் பாருங்கள்: ஒரு வீட்டை இடித்துத் தூணும் கதவும் விற்றால் ஒரு வீடு போகிறது, அதே தெருவில் பத்தாவது வீடு இடியும்போது தெருவே போகிறது. உங்கள் கூட்டல் கணக்கில் முதல் வீட்டுக்கு விழுந்த அதே மதிப்பெண்தான் பத்தாவது வீட்டுக்கும் விழும்.

புதுக்கோட்டை, இளநிலைப் பொறியாளர்: சாலையை அதிர்ந்து அழுத்தும் அதிர்வு உருளையால் பழைய வீடுகளில் விரிசல் வருமா?

வரலாம். ஜெர்மானியத் தரம் டிஐஎன் 4150, அதிர்வு தாங்காத பழங்கட்டடங்களின் அடித்தளத்தில் குறைந்த அதிர்வெண்ணுக்கு விநாடிக்கு 3 மி.மீ. என்று வரம்பு வைக்கிறது. அதிர்வு அளவுமானியை அடித்தளத்தில் பொருத்துங்கள். இருக்கும் விரிசல்களை வேலைக்கு முன்பே தேதியுடன் படமெடுங்கள். வீடுகளை ஒட்டிய பகுதியில் அதிர்வை நிறுத்தி, உருளையின் எடையால் மட்டும் அழுத்துங்கள்.

கண்டனூர்: ஆத்தங்குடிக் கல் எங்கே மலிவு?

இந்த அமர்வுக்கு வெளியே. ஆத்தங்குடிப் பட்டறைகளில் கேளுங்கள்.

குன்றக்குடி: டெண்டர் விட்டாயிற்று, அறிக்கை மட்டும் பாக்கி...

காரைக்குடிக்காரருக்குச் சொன்னதே. ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு ஒரு பாலத்தால் 2009இல் உலக மரபுப் பட்டியலை விட்டு நீங்கியது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகம் 2021இல் நீங்கியது. இரண்டு இடத்திலும் எச்சரிக்கைக்குக் குறைவில்லை.

கொத்தமங்கலம், பயிற்சி மாணவர்: அறிக்கை ஏற்கப்பட்டதும் நம் வேலை முடிந்ததா?

இல்லை. யார், எந்த நாளில், எந்த இடத்தில் அளப்பார் என்றும், அளவு வரம்பைத் தாண்டினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்றும் ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். முதல் பெருமழைக்கு மறுநாள் அதே டியூப் லெவலோடு அதே படிகளுக்குப் போங்கள்.