அப்பாவின் மரணம் எந்தக் கணக்கில்?

கேள்வி: டாக்டர் ஐயா, 2018 கஜா புயலில் எங்கள் தோப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட தென்னைகள் சாய்ந்தன. அப்பாவுக்கு அப்போது 61 வயது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். புயலுக்குப் பிறகு பல நாள் மாத்திரை கிடைக்கவில்லை. கிடைத்த பிறகும் ஒழுங்காகப் போடவில்லை. மாசி மாதம் ஒரு நாள் நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயு என்று நினைத்து அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். மறுநாள் தோப்பில் சுருண்டு விழுந்தவர் எழவில்லை. “நான்தான் கொன்றுவிட்டேன்” என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், ஐப்பசி பிறந்தால் சாப்பாட்டைக் குறைத்து, ஊசியையும் நிறுத்திவிடுகிறார். அண்ணனோ, “விதி முடிந்தது, புயலை ஏன் இழுக்கிறாய்?” என்கிறார். அப்பா இறந்தது புயலாலா? அம்மாவை எப்படித் தேற்றுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேராவூரணி வட்டாரம்

பதில்: ஆமாம் அம்மா. என் கணக்கில் உங்கள் அப்பா கஜாவில் இறந்தவர்தான். ஒரு தனி மனிதரின் மாரடைப்புக்கு இதுதான் காரணம் என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இருந்தும், உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வேறு விதமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்தப் புயல் கரையைக் கடந்தது. உங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மரங்கள் விழுந்து பாதைகள் அடைபட்டுக் கிடந்தன. மாத்திரை வாங்க அலைய யாருக்கு நேரம் இருந்தது? வயதானவர்கள்கூட விடிந்தது முதல் இருட்டும்வரை விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே போட்டுவிட்டால் காண்டாமிருக வண்டு பெருகி, மிஞ்சிய மரங்களையும் குடைந்துவிடும் என்ற பயம். அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. புதிதாக நடும் நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்தக் கணக்கை உங்கள் அப்பா எத்தனை இரவுகள் போட்டுப் பார்த்தாரோ!

தூக்கமின்மையும் ஓயாத கவலையும் ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. அதோடு, அடினோலால், மெட்டோப்ரோலால் போன்ற இதய மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர் திடீரென நிறுத்தினால், நெஞ்சுவலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம்; மாரடைப்பே வரலாம். உங்கள் அப்பா எதைச் சாப்பிட்டார் என்று பழைய சீட்டில் பாருங்கள்.

2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறையாடியபோது, அரசு சொன்ன சாவு எண்ணிக்கை 64. மக்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் செப்டம்பர் முதல் மறு பிப்ரவரி வரை நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்து, வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 2,975 பேர் என்று மதிப்பிட்டார்கள். 2018 ஆகஸ்டில் அரசும் அதையே ஏற்றுக்கொண்டது. புயல் ஓய்ந்த பின் மாதக்கணக்கில் நேர்ந்த மரணங்களும் அதில் அடங்கும். நம் டெல்டா மாவட்டங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். இதை உங்கள் அண்ணனிடம் காட்டுங்கள்.

இனி அம்மா. அன்றே ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம். அதை மறைத்துவிட்டு ஆறுதல் சொன்னால் அம்மா நம்பமாட்டார். அவருக்கும் அது தெரியும். ஆனால் மாரடைப்பை வாயு என்று எடுத்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. படித்த வீடுகளிலும் நடக்கிறது. தனக்குத் தெரிந்த வைத்தியத்தை அம்மா உடனே செய்தார். மரம், மின்சாரம், மாத்திரை, தூக்கம் என்று அத்தனையும் பறிபோன ஒரு மனிதருக்கு, கடைசியில் கைக்கு எட்டியதைக் கொடுத்தவர் அவர். “நீ ஒன்றும் செய்யவில்லை, அழாதே” என்று வாயை அடைக்காமல், அந்த நாளை முழுவதும் சொல்லவிடுங்கள். எத்தனை முறை சொன்னாலும் கேளுங்கள்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சாப்பாட்டையும் ஊசியையும் விடுகிறார் என்றால், அதை வெறும் துக்கம் என்று விட்டுவிடக் கூடாது. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் போலத் தோன்றுகிறது என்று அவர் சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

சாப்பாடு குறைந்தால் இன்சுலின் அளவை மருத்துவர் குறைத்துத் தருவார். அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மழைக்காலத்துக்கு முன்பே மருந்தைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வருகிற பணியாளரிடம் உங்கள் அம்மா பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மின்சாரம் போனால், பெரிய மண்பானையில் ஈர மணல் நிரப்பி, அதற்குள் சிறு கலயத்தை இறக்கி, இன்சுலின் குப்பியை நனையாமல் அதில் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு நாற்பது வயது நெருங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு இருந்த நோய் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு உண்டு. அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் அன்றே அவரையும் அழைத்துச் சென்று ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிடுங்கள். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.