தீவுப் பிள்ளைகள் ஏன் மதிப்பெண் குறைவாக எடுக்கிறார்கள்?

‘ராமேஸ்வரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகள் தனியார் பள்ளி நுழைவுத் தேர்வில் ராமநாதபுரம் டவுன் பிள்ளைகளைவிடக் குறைவாக எடுப்பது ஏன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறிவுக் குறைவு இல்லை, கேள்வித்தாள் அப்படி. என்னிடம் டியூஷன் படித்த பையனிடம் எஸ்கலேட்டர் படத்தைக் காட்டி, ஆங்கிலத்தில் பெயர் கேட்டார்கள். அவன் அதில் ஏறியதே இல்லை. கூடையில் கிடக்கும் மீனில் சூடை எது, காரல் எது, நகரை எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அதற்கு மார்க் ஏது?

அப்புறம் காசு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அட்மிஷனும் அப்போதுதான். அடுப்பு எரிவதே பாடாக இருக்கும்போது கோச்சிங்குக்கு எங்கே போவது?

சரி, ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை இப்படித் தேர்வு வைத்துச் சேர்ப்பதே தவறு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 வரை. ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்று பெற்றோரையும் சேர்த்து உட்கார வைப்பதும் இதில் அடக்கம். ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் தயார்ப்படுத்துவது பற்றி யோசிக்க வேண்டும்.