ரயிலும் காப்பியும் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

கென்யாவைக் காலனியாட்சி சுரண்டியது என்று மட்டுமே தங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் போட்டதும், காப்பியைக் கொண்டுவந்ததும் ஆங்கிலேயர்தானே? அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

ர.

அன்புள்ள ர.,

சேர்க்கத்தான் வேண்டும். 1896இல் தொடங்கி 1901இல் ஏரிக்கரையை எட்டிய அந்தப் பாதையைப் போட இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 30,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். பிரிட்டிஷ் கருவூலம் 50 லட்சம் பவுனுக்கு மேல் செலவிட்டது. போட்ட முதலை எடுக்க வண்டியில் ஏற்றச் சரக்கு வேண்டுமே; அதை விளைவிக்க வெள்ளைக் குடியேறிகளை அழைத்து மேட்டுநிலத்தைக் கொடுத்தார்கள். 1915ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைக் காலம் 999 ஆண்டுகள்.

நிலம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சொந்தக் கொல்லையில் தினையும் பயறும் விளைவித்து, ஆடுமாடும் வைத்திருப்பவன் கூலிக்கு ஏன் போகிறான்? அதற்காகவே குடிசை வரியைப் பணமாகக் கட்டச் சொன்னார்கள். (1920 வரை அங்கே புழங்கிய பணம் நம் இந்திய ரூபாய்தான்.) முதல் உலகப் போருக்குப் பின் ‘கிபண்டே’ வந்தது. கைரேகை, வேலை விவரம், கூலி எல்லாம் பதிந்த தாளை மடித்துச் சிறிய உலோகப் பெட்டியில் வைத்து, ஆப்பிரிக்க ஆண்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். முதலாளி அதில் கையெழுத்திட்டு விடுவிக்காமல் வேலையை விட்டு நீங்கினால் குற்றம். கிக்குயூ மக்கள் அதை ஆட்டின் கழுத்து மணிக்கு ஒப்பிட்டார்கள்.

காப்பியை 1890களில் அங்கே கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரிமார்கள். அது நல்ல விலைக்குப் போகத் தொடங்கியதும், ஆப்பிரிக்கர் பயிரிட்டால் நோய் பரவும், தரம் கெடும் என்று சொல்லி அவர்களைப் பயிரிட விடவில்லை. தன் தோட்டத்தில் காப்பி காய்த்தால் எவனும் அடுத்தவன் தோட்டத்துக்குப் பறிக்க வரமாட்டான் என்பதே உள்ளிருந்த அச்சம் என்று நான் கருதுகிறேன். 1930களில் மேரு, கிசி போன்ற சில இடங்களில் மட்டும் சோதனையாக விட்டார்கள்; தாராளமான அனுமதி, வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக மாவ் மாவ் கிளர்ச்சி மூண்ட பிறகு, 1954இல் ஆப்பிரிக்கர் வேளாண்மைக்காக அரசு வகுத்த ஸ்வின்னர்ட்டன் திட்டத்தோடுதான் வந்தது. தங்கள் ஊர் வழியே ஓடிய ரயிலில் தங்கள் காப்பியை ஏற்ற அந்த விவசாயிகள் அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள் என்பதையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

1963இல் விடுதலை வந்தபோதும் நிலம் சும்மா திரும்பவில்லை. பிரிட்டனும் உலக வங்கியும் கொடுத்த கடனில் குடியேறிகளின் பண்ணைகள் விலைக்கு வாங்கப்பட்டுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. துண்டு பெற்ற ஆப்பிரிக்கக் குடும்பங்கள் அந்தக் கடனைத் தவணையாகக் கட்ட வேண்டியிருந்தது.